கெரிட்டின் மூக்கும் பெயரில்லாத ஹாப் மூட்டையும்

ஒரு பொருளில் மணமே இல்லை என்று, மணம் பார்ப்பதில் ஊரிலேயே பெரிய ஆள் சொல்கிறார். அதே பொருளின் மணம் என் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அப்படியானால் எது பொய்? அவர் சொல்லா, என் மூக்கா?

போன பிப்ரவரியில் ஒஃபீலியாவின் கடைக்குள் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே நின்ற மற்றவர்களுக்கும் தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கெரிட் வீன்ஸ்ட்ரா என் அம்மாவின் கணவர். நான் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா என்று கூப்பிடும்படி யாரும் கேட்கவில்லை, அதனால் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். எங்கள் ஊரான சன்னிசைடில் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. பஸ் உள்ளே நுழையும்போதே எந்தச் சக்கரத்தின் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று கருகல் வாசனையை வைத்துச் சொல்லிவிடுவார்.

அம்மாவை அவர் பிடித்த கதையும் மூக்குக் கதைதான். அம்மாவின் கார் நின்றுபோய், பார்க்க வந்தவர் கை கழுவச் சமையலறைக்குள் வந்தாராம். வந்தவர் நின்று, "உங்க வீட்டுல எங்கயோ ஒரு உருளைக்கிழங்கு சாகக் கிடக்குதுங்க" என்றாராம். தேடினால் அடுப்புக்குப் பின்னால் ஒன்று கறுத்துப் போய்க் கிடந்தது. "பூ குடுத்து வந்தவன் உண்டு, மோதிரம் குடுத்து வந்தவன் உண்டு. அழுகின கிழங்கைக் காட்டி வந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், பீர் காய்ச்சும் சாமான் விற்கும் ஒஃபீலியாவின் கடையில் கூடுவார்கள். அந்தச் சங்கத்தில் கெரிட்டுக்குப் பெயரே 'மூக்கு'தான். பார்லி, ஈஸ்ட், தண்ணீர் எல்லாம் யார் வாங்கினாலும் ஒன்றுதான். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது ஹாப் பூ. கொடியில் பூக்கும், பச்சையாக, அடுக்கடுக்காக, கட்டைவிரல் அளவு இருக்கும். வகைக்கு ஒரு மணம். ஒரு வகை கிடைக்காவிட்டால் அதன் இடத்தில் எதைப் போடலாம் என்று சொல்ல அனுபவம் மட்டும் போதாது, மூக்கு வேண்டும்.

கெரிட் பார்க்கும் விதம் ஒரு சடங்கு மாதிரி இருக்கும். நாலு பூவை உள்ளங்கையில் வைத்துப் பரபரவென்று தேய்ப்பார். பூ நொறுங்கி, உள்ளே இருக்கும் மஞ்சள் பொடி பிசினாகக் கையில் ஒட்டும். இரண்டு கையையும் குவித்து மூக்கைப் புதைத்துக் கண்ணை மூடுவார். பிறகு ஒரே ஒரு வார்த்தை. "ஆரஞ்சு." "மிளகு." "பைன்." அதற்கு மேல் கேட்டால் பதில் வராது. ஒரு தடவை கால்வாய் வாரியத்தில் வேலை பார்க்கும் ராய்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார். கெரிட் தேய்த்து மோந்துவிட்டு, "மீன்" என்றார். ராய்ஸ் சண்டைக்கே போய்விட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டால், அந்தப் பை குளிர்பெட்டியில் ஆற்று மீனுக்கு அடியில் கிடந்ததாம். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர்.

எனக்கு இன்னும் இருபத்தொன்று ஆகவில்லை, அதனால் பீரைத் தொடக் கூடாது. மோந்து பார்ப்பதற்குத் தடை இல்லை. போன வருடம் பள்ளியை முடித்ததும் கல்லூரிக்குப் போகாமல், ஆப்பிள் தரம் பிரிக்கும் இடத்தில் கொஞ்ச நாள், சும்மா கொஞ்ச நாள் என்று இருந்தேன். சனிக்கிழமைகளில் கெரிட்டோடு போய் எல்லாவற்றையும் மோந்து பார்ப்பதுதான் எனக்கிருந்த ஒரே ஒழுங்கான பழக்கம்.

2007 கடைசியில் பஞ்சம் வந்தது. ஹாப் பஞ்சம். எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹாப் தோட்டம், உயர உயரக் கம்பம், கம்பத்துக்குக் கம்பம் கம்பி. ஆனால் விளைந்ததெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்தது. ஐரோப்பாவில் விளைச்சல் சரியில்லை என்றார்கள். இங்கே பலர் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு வைத்துவிட்டார்கள் என்றார்கள். காரணம் எதுவானாலும் ஒஃபீலியாவின் கடை அலமாரியில் ஒரு கைப்பிடி பூ இல்லை. கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு உப்புக்கு அலைகிற கதை.

வீட்டில் போன் ஓயவில்லை. எல்லா அழைப்பும் ஒரே மாதிரி, முழுக்க ஹாப் வகைகளின் பெயர்கள்.

"மூக்கு, கேஸ்கேட் கெடைக்கல. என்ன போடலாம்?"

"செண்டெனியல்."

"அதுவும் இல்லப்பா."

"சினூக். பாதி அளவு போடு."

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு உன்கிட்ட?"

"எம் பொண்டாட்டி தோட்டத்துல புதினா இருக்கு."

"போனை வை."

ராய்ஸ் யார் பேச்சையும் கேட்காமல் மலைச்சரிவில் முளைக்கும் சேஜ் புதரின் தழையைப் போட்டுக் காய்ச்சினார். குடித்தவர்கள், நன்றி நாள் விருந்துக்குச் சேஜ் தழை அடைத்து வாட்டும் வான்கோழியின் வயிற்றுக்குள்ளிருந்து நேராக ஊற்றியது மாதிரி இருக்கிறது என்றார்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கெரிட்டுக்கு மோசமான சளி பிடித்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பிடித்த சளிதான். படுத்தார், எழுந்தார், வேலைக்குப் போனார். அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒஃபீலியா பாரியெந்தோஸின் கடை ஒரே அறை. பக்கத்து அறையில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. நடுவில் ஒரு கதவு. அது எப்போதும் சரியாகச் சாத்தாது. ஒஃபீலியாவின் பெற்றோர் இரண்டு பேரும் இதே பள்ளத்தாக்கின் தோட்டங்களில் ஹாப் கொடியைக் கம்பியில் ஏற்றும் வேலை பார்த்தவர்கள். மகள் அதே பூவை விற்கக் கடை போட்டதில் அவர்களுக்கு ஒரே பெருமை. இப்போது விற்கப் பூவே இல்லை. பூ இல்லாவிட்டால் யாரும் காய்ச்ச மாட்டார்கள், காய்ச்சாவிட்டால் பார்லியும் பாட்டில் மூடியும் யார் வாங்குவார்கள்? வசந்தத்துக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவரே சொல்லியிருந்தார்.

அந்த நிலையில்தான் பிப்ரவரியில் அவருக்கு ஒரு மூட்டை கிடைத்தது. ஒரு தோட்டத்தில் பூவை அழுத்திக் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிற ஒன்றுவிட்ட அண்ணன், கட்டு ஓரங்களில் சிந்தி மிஞ்சியதைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். பெரிய சணல் மூட்டை. குளிர் அறையில் இருந்தது. ஆனால் என்ன வகை என்று சீட்டு இல்லை. வகை தெரியாத பூவை எதற்குப் பதிலாகப் போடுவது? அதற்குத்தான் மூக்கு இருக்கிறதே.

சங்கம் முழுக்க வந்திருந்தது. ஒஃபீலியா மூட்டையின் வாயை அவிழ்த்தார்.

"கெரிட், இது எதுக்குப் பதிலா வரும்னு நீ மட்டும் சொல்லிடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

கெரிட் நாலு பூவை எடுத்தார். தேய்த்தார். கையைக் குவித்தார், கண்ணை மூடினார். வழக்கத்தை விட அதிக நேரம் அப்படியே இருந்தார். இன்னும் நாலு பூ எடுத்துத் திரும்பவும் தேய்த்தார்.

"செத்தது" என்றார்.

ஒஃபீலியா சிரிக்கப் பார்த்தார். "என்னது? குளிர்லயே இருந்துச்சு, கெரிட். நல்லா பாரு."

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. மன்னிச்சிடு."

பூ கையிலிருந்து கைக்குப் போனது. பள்ளியில் எனக்கு வேதியியல் எடுத்த மிஸ்டர் ஹாலிஸ் தேய்த்து மோந்தார். புருவம் உயர்ந்தது. கெரிட்டைப் பார்த்தார். புருவம் இறங்கியது. "ஆமா... வைக்கோல் மாதிரிதான் இருக்கு" என்றார். ராய்ஸும் மோந்துவிட்டு, "சுத்த வைக்கோல்" என்றார். என் முறை வந்தது. தேய்த்தேன். ஆரஞ்சுத் தோலை முகத்தருகே பிழிந்த மாதிரி இருந்தது. அதற்கு அடியில் பைன் பிசின். அதற்கும் அடியில், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கடுவன் பூனை ஓரமாகப் போய்விட்டுப் போன மாதிரி ஒன்று.

"எனக்கு ஏதோ பழத்தோல் மாதிரி வருதே" என்றேன்.

"பீர் குடிக்கவே வயசு வரல, இதுல மூக்கு மட்டும் வந்திருச்சா?" என்றார் ராய்ஸ்.

கெரிட் என்னைத் திட்டவில்லை. மெதுவாக, "காலைல ஆரஞ்சு உரிச்ச இல்ல, ப்ரின்? கையில இருக்கும்" என்றார்.

உரித்திருந்தேன். உண்மைதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, கெரிட்டின் உள்ளங்கை. செத்த பூவாக இருந்தால் பொடி பழுப்பாக உதிரும். அவர் கையிலோ பசுமஞ்சளை அரைத்த கை மாதிரிப் பளீரென்று மஞ்சள் ஒட்டியிருந்தது. இரண்டாவது, நடுக்கதவு. துணி துவைக்கும் சோப்பு வாசனை வருகிறது, கதவைச் சாத்து என்று கத்தாமல் அவர் இதுவரை ஒரு பூவைக் கூடத் தேய்த்ததில்லை. அன்றைக்குக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

யாரும் வாங்கவில்லை. நாங்கள் வெளியே வரும்போது ஒஃபீலியா மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு போதும், அவர் மேலே மேலே போட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் குழம்பியது. கெரிட்டுக்கு எதைப் பார்த்தாலும் குறை. காபிக் கம்பெனி ஏமாற்றுகிறது என்றார், மூன்று கம்பெனி மாற்றினார். சோப்பில் சரக்கு இல்லை என்றார். அம்மா வைத்த மாட்டிறைச்சிக் குழம்பில் தட்டு சிவக்கும் வரை காரச் சாஸை ஊற்றினார்.

"என் சமையல் பிடிக்கலன்னா நேரா சொல்லு" என்றாள் அம்மா.

"உன்னை யார் சொன்னா? இப்பல்லாம் எதுலயுமே வாசனை இல்ல, காலீன். எல்லாத்தையும் கெடுத்துட்டானுங்க."

அம்மா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். நான் வயது என்று எடுத்துக்கொண்டேன். கெரிட் அதை உலகத்தின் குற்றம் என்று எடுத்துக்கொண்டார். ஹாப் பஞ்ச வருடம் வேறு. பழைய சரக்கையும் மட்டமான சரக்கையும் எல்லாரும் விற்கிற நேரத்தில், மணமில்லை என்று ஒருவர் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? நான் என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். குளியலறையில் சோப்பை எடுத்து மோந்து பார்ப்பேன், இருக்கிறது. அது இருக்கிறது என்று நான் நினைப்பதால் வருகிற வாசனையோ என்று தோன்றும். இப்படி யோசிக்க ஆரம்பித்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

குழப்பத்தை எங்கள் நாய் டீக் தீர்த்து வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கெரிட் சோபாவில் உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீக் கொட்டகைக்குப் பின்னால் எதையோ துரத்திக்கொண்டு ஓடியது. அது ஸ்கங்க். முதுகில் வெள்ளைக் கோடு போட்ட பூனையளவுப் பிராணி. பயந்தால் பின்பக்கமாகப் பீய்ச்சும். ஒரு துளி போதும், ஒரு தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். டீக் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் பாய்ந்தது.

அம்மா அலறிக்கொண்டு மூக்கைப் பொத்தினாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது, குமட்டியது, வாசலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால், டீக் கெரிட்டின் மடியில். அவர் அதன் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே டிவியைப் பார்க்கிறார்.

"என்ன, ரெண்டு பேரும் எதுக்கு ஓடறீங்க?" என்றார்.

அம்மா மூக்கைப் பொத்திய கையோடு அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த நாயைப் பார்த்தார். அதன் முகத்தில் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு மனிதர் முகத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்குவதை நான் அன்றுதான் பார்த்தேன்: காபி, சோப்பு, குழம்பு, கடைசியாக அந்த மூட்டை.

நாயை இறக்கிவிட்டு எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். அடியில் ஒரு சின்னப் பை. அவருடைய கடைசி கேஸ்கேட். பஞ்சம் முடியும்வரை தொட மாட்டேன் என்று வைத்திருந்தது. பிரித்தார், தேய்த்தார், கையைக் குவித்து முகத்தைப் புதைத்தார். நிமிர்ந்து என்னிடம் கையை நீட்டினார்.

"என்ன வருது?"

வீடு முழுக்க ஸ்கங்க். இருந்தாலும் அவர் கைக்குள் மூக்கை வைத்ததும் தெரிந்தது. "எலுமிச்சை மாதிரி. பூ மாதிரி. நல்லா வருது, கெரிட்."

"நல்லா வருதா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"டாக்டர்கிட்ட போலாம்" என்றாள் அம்மா.

"போலாம். ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா ராய்ஸ்கிட்ட."

"ஒஃபீலியாகிட்ட?" என்றேன்.

அவர் கையைக் கழுவ ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

நான் அந்த வாரம் எவ்வளவு குழம்பினேன் என்று சொல்லி மாளாது. மூக்குக்கு மூக்கு போய்விட்டது. அது அவர் ரகசியம். ஆனால் அந்த ரகசியத்துக்குள் இன்னொருவர் கடை மாட்டிக்கொண்டிருக்கிறது. கெரிட்டின் பெயர் பெரியதா, ஒஃபீலியாவின் கடை பெரியதா? கேட்க எளிதான கேள்வி. ஆனால் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, எந்த ருசியும் தெரியாமல் மென்றுகொண்டிருக்கும் ஆளைப் பார்த்தால் எளிதாக இல்லை.

வெள்ளிக்கிழமை ஒஃபீலியாவே போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"கெரிட், மாசக் கடைசியில கடைய மூடறேன். அந்தப் பெரிய காய்ச்சுற பானை இருக்கில்ல, அதை ஊருக்குச் சொல்லுறதுக்கு முன்னால உன்கிட்ட கேக்கலாம்னு நினைச்சேன். உனக்கு அது மேல எப்பவும் ஒரு கண்ணு."

"வேணாம்" என்றார் கெரிட்.

"சும்மாதான் தர்றேன்."

"வேணாம், ஒஃபீலியா."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு என்கூட வா, ப்ரின்" என்றார்.

காரில் போகும்போது திட்டத்தைச் சொன்னார். "போன தடவ சரியா பாக்கல, இன்னொரு தடவ பாக்கறேன்னு சொல்லுவேன். தேய்ப்பேன். நீ பக்கத்துல நின்னு மெதுவா சொல்லு. நான் அதைச் சத்தமா சொல்லிடறேன். மூட்டை வித்துடும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"அது பொய்யில்லையா?"

"உன் மூக்கு பொய் சொல்லுமா?"

"சொல்லாதுன்னுதான் நினைக்கிறேன். எனக்கு இப்ப எதுவும் உறுதியா தெரியல."

"எனக்கும்தான்" என்றார்.

கடையில் ராய்ஸ், மிஸ்டர் ஹாலிஸ், இன்னும் நாலைந்து பேர். கடை மூடுவதால் மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று வந்தவர்கள். கெரிட் சொன்னபடியே சொன்னார். ஒஃபீலியா மூட்டையை அவிழ்த்தார். முடிச்சுகள் அதிகம், நேரம் பிடித்தது. கெரிட் தேய்த்தார், கையைக் குவித்தார். நான் அவர் தோளருகே குனிந்து முணுமுணுத்தேன்.

"ஆரஞ்சு" என்றார் கெரிட்.

"யோவ், போன தடவ செத்ததுன்ன! நடுவுல உயிர்த்தெழுந்துச்சா? ஈஸ்டர் கூட இன்னும் வரலயே!" என்றார் ராய்ஸ்.

நான் திரும்பவும் முணுமுணுத்தேன். "பைன்" என்றார் கெரிட். எப்போதும் ஒரே வார்த்தை சொல்கிறவர் இரண்டாவது வார்த்தை சொல்கிறார். ஹாலிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

அப்போது ஒஃபீலியா கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"கெரிட், பக்கத்துல இப்ப என்ன துவைக்கிறாங்க?"

நடுக்கதவு திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் யாரோ ப்ளீச்சைக் குடம் குடமாக ஊற்றியிருக்க வேண்டும். எல்லாருக்கும் மூக்கு எரிந்துகொண்டிருந்தது. ராய்ஸ் ஏற்கெனவே இரண்டு தடவை தும்மியிருந்தார். கெரிட் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். உதடு அசைந்தால் போதும். ஆனால் ஒஃபீலியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெரிட்டும் அதைப் பார்த்துவிட்டார்.

"தெரியல, ஒஃபீலியா" என்றார்.

துணி மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கிறிஸ்துமஸ்ல இருந்து எனக்கு எதுவும் தெரியல. காபி தெரியல. நாய் மேல ஸ்கங்க் அடிச்சது தெரியல, மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் மூட்டைய செத்துப்போச்சுன்னு சொன்னேன். மூட்டை சாகல. செத்தது என் மூக்கு."

ராய்ஸ் கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு எனக்கு வெங்காய வாசனை வந்துச்சு. மூக்கே செத்ததுங்கறான், நாம என்னத்த சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

"எனக்கும் வந்தது" என்றார் ஹாலிஸ். காது சிவந்திருந்தது. "வேதியியல் வாத்தியார் நான். கையில மஞ்சள் ஒட்டறதைப் பாத்துக்கிட்டே வைக்கோல்னு சொன்னேன்."

"எல்லாருக்கும் வந்திருக்கு" என்றார் ஒஃபீலியா. ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாருக்கும் வந்திருக்கு. ஒருத்தரும் வாயத் தொறக்கல, நான் கடைய மூடப் போறேன்!"

அவர் போட்ட கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒஃபீலியா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுக்கதவை இழுத்துச் சாத்தி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். "ஒவ்வொருத்தரா வாங்க. அவனைப் பாக்காதீங்க. மூட்டையப் பாருங்க."

இந்த இடத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் இங்கேதான் இன்னும் குழம்பியது. ராய்ஸ் வெங்காயம் என்றார். ஹாலிஸ் பைன் என்றார், அது கண்டிப்பாக சினூக்குக்குப் பதிலாக வரும் என்றார். இன்னொருவர் கேஸ்கேட்டேதான், வேறு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தார். நான் பூனையைச் சொன்னதும், பூனை வந்தால் அது வேறு வகை என்று ஒரு புதுச் சண்டை ஆரம்பித்தது. பல கட்டுகளின் ஓரத்தில் சிந்தியது என்பதால் நாலு வகை கலந்தே இருக்கலாம் என்றார் ஒருவர். கடைசியில் எல்லாரும் பழக்க தோஷத்தில் கெரிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைப் பாத்து என்ன பிரயோஜனம்? கொஞ்சமா எடுத்துட்டுப் போய்க் காய்ச்சிப் பாருங்க. நல்லா வந்தா நல்லது" என்றார் அவர்.

"எதுக்குப் பதிலா?" என்றார் ராய்ஸ்.

"எது இல்லையோ அதுக்குப் பதிலா."

ஒஃபீலியா சின்னச் சின்னப் பைகளாகக் கட்டினார். பை மேல் வகைப் பெயர் எழுத வேண்டுமே. 'யாருக்குத் தெரியும்' என்று அவர் அம்மா பேசும் ஸ்பானிஷில் எழுதி ஒட்டினார்: கியென் சாபே. அன்று மத்தியானத்துக்குள் பாதி மூட்டை போய்விட்டது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதில் காய்ச்சியவர்கள் வெளியூர்ச் சங்கங்களுக்குப் பாட்டிலைக் கொண்டுபோக, சியாட்டில் பக்கத்திலிருந்தெல்லாம் போன் வந்தது. "உங்ககிட்ட கியென் சாபேன்னு ஒரு புது ரகம் இருக்காமே, நியூசிலாந்து சரக்காமே?" ஒஃபீலியா இல்லை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. போன் செய்தவர்கள் பார்லியும் பாட்டில் மூடியுமாவது வாங்கினார்கள். கடை திறந்தே இருக்கிறது. பெரிய பானை அலமாரி மேலேயே இருக்கிறது.

அந்தப் பூ என்ன வகை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கெரிட்டின் மூக்கைப் பார்த்த டாக்டர், சளிக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் காபிக் கோப்பையை முகத்தருகே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "ஏதோ வருது" என்றார். என்ன என்று கேட்டோம். "கருகின ரப்பர்." அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு இன்னும் காபி ரப்பராகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் குடிக்கிறார். பட்டறையில் ஏதாவது கருகினால், "காபி வாசனை வருது" என்று அவரே முதலில் சொல்லிக்கொள்கிறார். சங்கத்தில் இப்போதும் பூவைத் தேய்ப்பார். தேய்த்துவிட்டுக் கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோகாமல், பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார். "என்ன வருது?" ராய்ஸ் இன்னும் அவரை மூக்கு என்றுதான் கூப்பிடுகிறார். அது கேலியா மரியாதையா என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் இரண்டு பேருக்காவது புரிகிறதா, தெரியவில்லை.

செப்டம்பர் வந்துவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க அறுவடை. ஜன்னலைத் திறந்தாலே ஹாப் மணம். கெரிட் ஜன்னலருகே நின்று என்னிடம் கேட்கிறார், நான் சொல்கிறேன். நான் சொல்வது சரியா என்று எனக்கு இன்னமும் ஒரு சின்னச் சந்தேகம் வரத்தான் செய்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். முந்தி மாதிரி எதிலும் வாசனை இல்லை, காபியில் இல்லை, குழம்பில் இல்லை, எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று திடீரென்று சொல்ல ஆரம்பித்திருப்பார். அவரோடு சண்டை போடாதீர்கள், தலையையும் ஆட்டாதீர்கள். கெரிட்டின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். மடியில் நாய் இருந்த இடத்தை விட்டுவிடாமல் சொல்லுங்கள். சொல்லுங்கள் என்று கெரிட்டே சொல்லிவிட்டார். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.